பெட்டி ரொட்டி

தூர்டிஸுக்கு அன்று காலையிலிருந்தே வாய் ஓயவில்லை. அடுப்பு வீட்டுக்குள் புகை சுற்றுகிறது, கண் எரிகிறது, முழங்கை வரை மாவு. ஆனாலும் பேச்சு நிற்கவில்லை. படுக்கையில் கிடக்கும் அம்மாவுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே வற்றிப்போன வாய்க்கு இப்போதுதான் ஒரு துணை கிடைத்திருந்தது. தங்கை ராக்னா ஸ்டவாங்கர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பை முடித்துவிட்டு, ஒரு பெரிய டிரங்குப் பெட்டியோடு தீவுக்குத் திரும்பிவிட்டாள். இனி வீட்டில் இருப்பது அவள் முறை, வெளியே போவது அக்காவின் முறை. அப்படித்தான் பேச்சு.

அந்தப் பேச்சு, அப்பாவின் படகு திரும்பி வராத குளிர்காலத்தில் நடந்தது. அப்பா போன துக்கம் ஆறுமுன்பே அம்மா பெர்த்தாவுக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டது. பண்ணையும் பெரிய வீடும் மூத்தவன் தாராலுக்குப் போயின. முற்றத்துக்கு எதிரே இருந்த சின்ன வீடு அம்மாவுக்கு. அம்மாவோடு இருக்க ஒரு பெண் வேண்டும். "நீ இரு அக்கா. நான் நர்ஸுக்குப் படிச்சுட்டு வந்துடறேன். நம்ம தீவுக்கே நர்ஸா வந்துட்டா அம்மாவையும் பாத்துக்குவேன். அப்புறம் நீ எங்க வேணாலும் போ," என்று ராக்னா சொன்னாள். கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். படிப்பு மூன்று வருஷம் என்றார்கள். பிறகு பிரசவப் பயிற்சி என்றார்கள். பிறகு கொஞ்சம் அனுபவம் வேண்டும் என்றார்கள். இப்படியே எட்டு வருஷம் ஓடிவிட்டது. தூர்டிஸ் ஒன்றையும் கேள்வி கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஆனால் கூடப் பிறந்தவளை யார் குறுக்கு விசாரணை செய்வார்கள்?

பெர்கனில் கப்பல் பட்டறையில் தச்சனாக இருக்கும் ஐவின் அவளுக்காகக் காத்திருந்தான். இந்தத் தீவின் ஆண்கள் காத்திருப்பதில் அப்படியொன்றும் பேர் வாங்கியவர்கள் அல்ல. இவன் ஒருத்தன் விதிவிலக்கு.

"அறைக்கு வெள்ளை அடிச்சுட்டானாம்," என்றாள் தூர்டிஸ், உருளைக்கட்டையை உருட்டியபடியே. "ஜன்னலுக்குத் துணி மட்டும் நான் வந்துதான் எடுக்கணுமாம். கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே வந்துருவேன்னு எழுதிட்டேன். கேக்கறியாடி?"

"ம்," என்றாள் ராக்னா.

லெஃப்சே என்னும் மெல்லிய ரொட்டி சுடுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி மாவைக் காகிதம்போலத் தேய்க்க வேண்டும், இன்னொருத்தி அதை நீளக் குச்சியில் சுருட்டித் தூக்கி, வண்டிச் சக்கரம் அளவு இருக்கும் இரும்புக்கல்லில் விரித்து, புள்ளி விழுந்ததும் புரட்ட வேண்டும். கல்லின் முன் நின்ற ராக்னாவின் கவனம் கல்லில் இல்லை.

"கருகுது பாரு! ஊசி போட்டுப் போட்டுக் கையே மரத்துப்போச்சா உனக்கு? ஐவினுக்கு நீ சுட்டுப் போட்டா ஒரே வாரத்துல ஓடிருவான்."

ராக்னா சிரிக்கவில்லை. கருகியதை எடுத்து ஓரமாகப் போட்டாள்.

மறுநாள் ஜெபவீட்டில் பிரியாவிடைக் கூட்டம். பக்கத்துத் தீவின் ஓம்லான்ட் தம்பதி மிஷனரிகளாக மடகாஸ்கர் போகிறார்கள். காப்பி மேஜைக்கு மெத்து லெஃப்சே சுட்டுத் தரும்படி மாதர் சங்கத்தார் தூர்டிஸிடம் கேட்டிருந்தார்கள். உருளைக்கிழங்கு சேர்த்து மெத்தென்று சுட்டு, வெண்ணெயும் சர்க்கரையும் தடவி மடித்து வைக்கும் ரகம். அதில் அவள் கைக்கு நிகர் தீவில் இல்லை.

"அக்கா, மெத்து லெஃப்சே இது போதும்," என்றாள் ராக்னா திடீரென்று. "இனிமே கொஞ்சம் பெட்டி ரொட்டி போட்டுக் குடேன்."

தூர்டிஸின் கை நின்றது. "பெட்டி ரொட்டியா? யாருக்கு?"

கேள்வியில் நியாயம் இருந்தது. பெட்டி ரொட்டி என்பது கிழங்கு சேர்க்காமல், மோரும் மாவும் மட்டும் வைத்து, ஓடுபோல் உலரும்வரை சுடுவது. மாதக்கணக்கில் கெடாது. கப்பலில் போகிறவர் தண்ணீர் தெளித்து ஈரத்துணியில் சுற்றி வைத்தால் மறுபடி மெத்தென்று ஆகும். ஆனால் அதை யார் வேண்டுமானாலும் சுட்டுவிட முடியாது. ஊழியத்துக்குப் போகிறவரின் சொந்த வீட்டுப் பெண்தான் சுட வேண்டும், அம்மா அல்லது அக்கா தங்கை. சுட்டவளே ரொட்டிப் பெட்டியைச் சபை முன்னால் கொண்டுவந்து, "கொடுக்கிறோம்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த வார்த்தை வராமல் இந்தக் கரையிலிருந்து யாரும் கப்பல் ஏறியதில்லை. பெட்டி ரொட்டி சுட்டாயிற்று என்றால் வீட்டார் மனதாரச் சம்மதித்தாயிற்று என்று அர்த்தம்.

"ஓம்லான்டுக்குத்தான்," என்றாள் ராக்னா. கல்லைப் பார்த்தபடியே சொன்னாள். "அவர் அம்மா மாலெனெ இருக்காங்கல்ல, அவங்க கை ஒடிஞ்சுபோச்சு. அவருக்குக் கூடப் பிறந்த பொண்ணுங்களும் இல்ல. உன் கைல சுட்டுத் தரச் சொல்லிக் கேட்டாங்க."

"ஐயோ பாவம்! எந்தக் கை?"

"வலது கை."

"கொண்டா அந்த மோர்ப் பானையை," என்றாள் தூர்டிஸ் உடனே. "பிள்ளையை அனுப்பற நேரத்துல பெத்தவளுக்குக் கை ஒடியறதுன்னா என்ன கொடுமை! நல்லாவே போட்டுக் கொடுப்போம். அவங்க போட்ட மாதிரியே இருக்கட்டும்."

முன் சுட்டதைவிட மெலிதாகத் தேய்த்தாள். ஓரம் பிசிறில்லாமல் பார்த்துக்கொண்டாள். யாரோ ஒருத்தியின் ஒடிந்த கைக்காகத் தன் கை வலிக்க வலிக்கத் தேய்த்தாள். ராக்னா கல்லின் முன் நின்று அழுதாள். புகை என்றாள். தூர்டிஸ் நம்பினாள்.

நடுவில் அண்ணி குட்னி ஒரு கிண்ணம் பாலேட்டுக் கஞ்சியோடு வந்தாள். இத்தனை வருஷத்தில் முற்றத்தைக் கடந்து ஒரு கரண்டி கஞ்சி கொண்டுவராதவள். "சாப்பிடு தூர்டிஸ், ரொம்ப இளைச்சுட்டே," என்றாள். அடுக்கிவைத்த பெட்டி ரொட்டியைப் பார்த்ததும் ராக்னாவின் முகத்தைப் பார்த்தாள், உடனே போய்விட்டாள்.

"அண்ணிக்கு என்னவாம் இன்னிக்கு? பாசம் பொங்குது?" என்று தூர்டிஸ் சிரித்தாள். நாம் போகப்போகிறோம் என்றதும் எல்லோருக்கும் நம்மேல் பிரியம் வந்துவிட்டதே என்றுகூட நினைத்துக்கொண்டாள். இப்போது நினைத்தால் கதை சொல்லும் எனக்கே அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருக்கிறது.

மறுநாள் மதியம், குட்னி தன் மூத்த பெண்ணை அம்மாவுக்குத் துணையாக அனுப்பினாள். அதுவும் புதுசு. தூர்டிஸ் நல்ல கறுப்பு உடையைப் போட்டுக்கொண்டு ஜெபவீட்டுக்குப் போனாள். முன்னறையில் ஈரக் கம்பளிக் கோட்டுகளின் வாடை. உள்ளே பெஞ்சுகள் நிரம்பிக்கொண்டிருந்தன. அவளைப் பார்த்த பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து கையைப் பிடித்தார்கள். "கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பார் தூர்டிஸ்," என்றார்கள். "பெரிய மனசு உனக்கு," என்றாள் ஒருத்தி. லெஃப்சேக்கு இவ்வளவு பாராட்டா என்று தூர்டிஸ் கூச்சப்பட்டாள்.

அப்போது கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு ஓம்லான்டின் அம்மா மாலெனெ உள்ளே வந்தாள். கனத்த உடம்பு. இரண்டு கையாலும் ஒரு மரப்பெட்டியை வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"பெரியம்மா! வையுங்க கீழே," என்று தூர்டிஸ் ஓடினாள். "இந்தக் கையோட யாராவது பெட்டி தூக்குவாங்களா?"

"எந்தக் கையோட?"

"ஒடிஞ்ச கை..."

"என் கைக்கு என்ன?" மாலெனெ பெட்டியைப் பெஞ்சில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். மாவு காய்ந்த விரல்கள், கல் சுட்ட புதுத் தழும்பு. "முந்தாநாள் பூரா நானே நின்னு சுட்டேன். யார் சொன்னது ஒடிஞ்சுபோச்சுன்னு?"

தூர்டிஸ் பெட்டியைப் பார்த்தாள். பெட்டி மூடியின் இடுக்கில் ரொட்டி தெரிந்தது. அவள் சுட்டது அல்ல, தடிமனாக இருந்தது. அப்படியென்றால் அவள் சுட்டது எங்கே? அது யாருக்கு? கேள்வி மனதில் எழும்போதே பதிலும் வந்துவிட்டது: ராக்னாவுக்குத்தான், அவளும் மடகாஸ்கர் போகிறாள். பெரிய டிரங்குப் பெட்டி, பிரசவப் பயிற்சி, புகையால் வராத கண்ணீர், அண்ணியின் கஞ்சி, கையைப் பிடித்த பெண்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. தீவு முழுக்கத் தெரிந்திருக்கிறது. அவளிடம் மட்டும் காதும் காதும் வைத்தாற்போல் மறைத்திருக்கிறார்கள்.

திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். அதற்குள் தாரால் வந்து முழங்கையைப் பிடித்து முன் பெஞ்சுக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்துவிட்டான். மேடையில் ஓம்லான்ட் தம்பதியின் பக்கத்தில், மூன்றாவது நாற்காலியில், வெள்ளைக் காலர் வைத்த உடையில் ராக்னா. அக்காவைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெபவீட்டு மூப்பர் ஸால்வெ வேதத்தில் வரும் அறுவடையைப் பற்றியும் வேலையாட்கள் குறைவு பற்றியும் நீளமாகப் பேசினார். பிறகு மாலெனெ தன் பெட்டியோடு முன்னால் போனாள். "இந்த வீடு கொடுக்கிறதா?" என்று மூப்பர் கேட்டார். "கொடுக்கிறோம்," என்றாள் மாலெனெ, குரல் உடைந்து. எல்லோரும் மூக்கைச் சிந்தினார்கள்.

"அடுத்து, பெர்த்தாவின் வீடு."

தாரால் ஒரு நீலப் பெட்டியை அவள் மடியில் வைத்தான். "ஒரே வார்த்தை. சொல்லிட்டு வந்து உக்காரு," என்று காதோரம் சொன்னான். "எல்லாரும் பாக்கறாங்க."

எல்லோரும் பார்த்தார்கள். தூர்டிஸ் எழுந்தாள். மேடைக்கு முன்னால் போய் நின்றாள். பெட்டி கனக்கவே இல்லை. உலர்ந்த ரொட்டிக்கு என்ன கனம் இருக்கப்போகிறது? மூப்பர் கேட்க வேண்டியதைக் கேட்டார். தூர்டிஸ் சபையின் பக்கம் திரும்பினாள்.

"இதை நான் இவளுக்குச் சுடல," என்றாள். "மாலெனெ பெரியம்மாவுக்குக் கை ஒடிஞ்சுபோச்சுன்னு சொன்னாங்க. அவங்க பிள்ளைக்காகச் சுட்டேன். இது எங்க வீட்டு ரொட்டி இல்ல. நான் கொடுக்கல."

சபையில் எல்லாத் தலையும் மாலெனெ பக்கம் திரும்பியது. மாலெனெ தன் கைகளையே பார்த்தாள். பிறகு அவற்றை மெதுவாகச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டாள்.

மூப்பர் ஸால்வெ நாற்பது வருஷம் மூப்பராக இருந்தவர். கூட்டத்தை எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்று அவருக்குத் தெரியும். "சகோதரியின் இருதயம் நிறைந்திருக்கிறது," என்றார். "பேச்சு வரவில்லை. நாமெல்லாரும் எழுந்து பாடுவோம்." ஹார்மோனியம் உடனே முழங்கிற்று. மொத்த ஜெபவீடும் எழுந்து நின்று பாடியது. அவள் சொன்ன "கொடுக்கல" அந்தப் பாட்டுக்கு அடியில் போய்விட்டது. யாரோ அவள் கையிலிருந்து பெட்டியை வாங்கி ராக்னாவின் மடியில் வைத்தார்கள். அவ்வளவுதான். காரியம் முடிந்துவிட்டது.

காப்பி ஆரம்பித்ததும் தூர்டிஸ் வெளியே வந்து விறகுக் கொட்டகைப் பக்கம் நின்றாள். ராக்னா பின்னாலேயே ஓடிவந்தாள், தாராலும் வந்தான்.

"அக்கா, என்னைத் திட்டு. அடி வேணாலும் அடி."

"எப்பலேர்ந்து?"

"மூணு வருஷமாவே எனக்கு அழைப்பு இருக்கு. எவ்வளவோ தட்டிக்கழிச்சேன். கர்த்தர் விடல."

"சரி, கர்த்தர் கூப்பிட்டார். மாலெனெ கையை ஒடிச்சதும் அவர்தானா?"

ராக்னா முகத்தை மூடிக்கொண்டாள். "வீட்டார் மனசார அனுப்பாம மிஷன் சங்கத்துல அனுப்ப மாட்டாங்க. நீ சுட்டாத்தான் முடியும். உன்கிட்ட நேரா கேட்டா நீ மாட்டேன்னுருவே."

"கேட்டியா? ஒரு தடவை கேட்டியா?"

"அங்க எத்தனை ஆத்துமாக்கள் தெரியுமா அக்கா? பிரசவத்துல எத்தனை பொம்பளைங்க சாகறாங்க..."

"எனக்கும் ஒரு ஆத்துமா இருந்துச்சுடி. இத்தனை வருஷமா உன்னை நம்பி இருந்துச்சு. இந்தத் தீவுலயே ஒரு ஆளை நம்பச் சொன்னா உன்னைத்தான் சொல்லியிருப்பேன். என்னை வச்சே எனக்குச் சமாதி கட்டிட்டே."

"சரி சரி, சத்தம் போடாத," என்றான் தாரால். "அஞ்சு வருஷம்தான். லீவுல வருவா. கர்த்தர் ஒரு வழி காட்டுவார். ஐவின்கிட்ட நான் எழுதிக்கறேன், நல்ல பையன், புரிஞ்சுக்குவான்."

"நீ ஒண்ணும் எழுத வேண்டாம்."

"நாங்க மட்டும் முடிவு பண்ணினோம்னு நினைக்காத அக்கா," என்றாள் ராக்னா விசும்பலோடு. "அம்மாவே..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். தாரால் அவளை முறைத்தான்.

"அம்மாவே என்ன?"

தாரால் ராக்னாவின் தோளைப் பிடித்து உள்ளே போகத் திருப்பினான். தூர்டிஸ் கோட்டைக்கூட எடுக்காமல் நடந்தாள்.

வழியெல்லாம் அவளுக்கு ஒரே ஒரு நினைப்புதான். அம்மாவை ஏமாற்றியிருப்பார்கள். படுத்த படுக்கையாக இருப்பவளிடம் எதையாவது பூசி மெழுகித் தலையாட்ட வைத்திருப்பார்கள். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். நாம் ராத்திரியில் எத்தனை முறை எழுந்தோம், எத்தனை முறை புரட்டிப் படுக்க வைத்தோம், ஐவினின் கடிதம் வரும் நாளில் எப்படி இருந்தோம், எல்லாம் அவள் கண்முன் நடந்தது. யார் கழுத்தை அறுத்தாலும் அம்மா அறுக்க மாட்டாள். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் மேட்டில் ஏறினாள்.

துணைக்கு இருந்த பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கட்டிலருகே உட்கார்ந்தாள். அம்மா தலையணையில் நிமிர்ந்து சாய்ந்திருந்தாள். முகம் பளிச்சென்று இருந்தது.

"நல்லா நடந்துச்சா?" என்று கேட்டாள். "யார்யார் வந்தாங்க? ராக்னா அழுதாளா?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"பெத்தவளுக்குத் தெரியாம இருக்குமா? ஒரு பிள்ளையையாவது கர்த்தருக்குக் கொடுக்கணும்னு அப்பா உயிரோட இருக்கும்போதே நாங்க பொருத்தனை பண்ணி நேர்ந்துக்கிட்டது." அம்மா நல்ல கையால் போர்வையை நீவிவிட்டாள். "கோவமா இருக்கே. இருக்கத்தான் செய்யும். ராக்னா உன்கிட்ட சொல்லிடறேன்னுதான் சொன்னா. வசந்த காலத்துலயே சொல்லணும்னு துடிச்சா. நான்தான் வாயைத் திறக்காதேன்னேன்."

"நீங்களா?"

"ஆமா. முன்னாடியே தெரிஞ்சா நீ முந்திக்குவே. மூட்டையைக் கட்டிக்கிட்டு பெர்கனுக்குக் கிளம்பிடுவே. அவளும் போய், நீயும் போயிட்டா, என்னை யார் பாப்பா? நான் யோசிக்க வேண்டாமா?"

வெளியே முற்றத்தில் தாராலின் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அண்ணியின் குரலும் கேட்டது. தூர்டிஸ் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். அதில் வெட்கம் இல்லை, வருத்தமும் இல்லை. கதவைச் சரியாகத் தாழிட்டோம் என்ற நிம்மதிதான் இருந்தது. தங்கை செய்தது வலித்தது. இது வலிக்கக்கூட இல்லை. உள்ளே ஏதோ அணைந்தது மாதிரி இருந்தது.

"நான் போயிருக்க மாட்டேன்மா," என்றாள் மெதுவாக. "அவ வந்து, அக்கா, எனக்கு அழைப்பு வந்திருக்குன்னு சொல்லியிருந்தா, ரெண்டு நாள் அழுதிருப்பேன். அப்புறம் ஐவினுக்கு வேற பொண்ணு பாத்துக்கோன்னு எழுதிப் போட்டுட்டு, பெட்டி ரொட்டி சுட்டுக் கொடுத்து, சபைக்கு முன்னால நானே கொடுக்கிறோம்னு சொல்லியிருப்பேன். உங்க பக்கத்துலயேதான் இருந்திருப்பேன். இத்தனை வருஷம் கூட இருந்தும் உங்களுக்கு அது தெரியல."

"அதான் இருக்கியே இப்போ," என்றாள் அம்மா.

"இல்ல. இப்போ போறேன்."

எழுந்து போர்வையைச் சரிசெய்தாள். தண்ணீர்க் குவளையை அம்மாவின் நல்ல கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாள். பிறகு பக்கத்து அறைக்குப் போய் அலமாரியைத் திறந்து தன் துணிகளைக் கட்டிலின் மேல் எடுத்துப் போட ஆரம்பித்தாள். கதவு திறந்தேதான் இருந்தது. அம்மாவுக்கு எல்லாம் தெரிந்தது.

அம்மா கூப்பிடுவாள் என்று தூர்டிஸ் எதிர்பார்த்தாள். மகளே, போகாதே என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் தன் கால் நின்றுவிடுமோ என்றுகூடப் பயந்தாள். கடைசித் துணியை மடிக்கும்போது அம்மாவின் குரல் வந்தது. அவள் தலையைச் சிரமப்பட்டு முற்றத்து ஜன்னல் பக்கம் திருப்பி, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டிக் கத்தினாள்.

"குட்னி! ஏ குட்னி! இங்க வா கொஞ்சம்! இனிமே என்னைப் பாக்க ஆள் வேணும்!"